அத்தை பேத்தியைப் பார்க்கப் போன ராணி

ஐரோப்பாவின் ராணிகளையெல்லாம் எங்கள் ஷெட்டுக்கு அழைத்துவந்த என் பிரிய மதினிக்கு,

அங்கே சௌகரியமா? மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோன பிறகு இது இரண்டாவது தீபாவளி சீசன். இங்கே அண்ணன் நன்றாக இருக்கிறார். செல்போன் வாங்கிவிட்டார், மிஸ்டு கால் கொடுப்பதைத் தவிர வேறெதற்கும் அதைத் தொடுவதில்லை. உங்கள் மகள் எட்டாம் வகுப்பு. உங்களைப் போலவே சாப்பிடும்போது புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்கிறாள். நான் திட்டுவேன். பிறகு நானே எட்டிப் பார்த்து, "அப்புறம் என்னாச்சாம்?" என்று கேட்பேன்.

திருத்தங்கல் கம்பெனியில் நான் இன்னும் அதே மேசையில்தான் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். உங்கள் இடத்தில் எம். புதுப்பட்டியிலிருந்து வரும் ஒரு பெண் உட்காருகிறாள். நல்ல பெண்தான். ஆனால் வாயைத் திறந்தால் டிவி சீரியல். பிரான்சும் இங்கிலாந்தும் இருந்த இடம் அது, மதினி. எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஸ்காட்லாந்து ராணி நம்மிடம் வந்த விதம் நினைவிருக்கிறதா? பட்டாசுக் குழாய் சுருட்ட எடைக்கு வாங்கிய பழைய பேப்பர் கட்டுக்குள் அந்தச் சரித்திர நாவல் கிடந்தது. மேலட்டை இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. "இதைப் போயிக் குழாய்க்குச் சுத்தவா?" என்று மடியில் கட்டிக்கொண்டு வந்தீர்கள். அதற்கு முன்பே அந்த ராஜவம்சமெல்லாம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நம் சொந்தத்தில் யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டால் விழிப்பீர்கள். எந்த ராஜாவுக்கு எந்த ராணி சித்தி என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வீர்கள். அம்மா அதைச் சொல்லி உங்களைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

ஷெட்டுக்குள் தீ, வெடிவிபத்து என்று யாரும் பேச்செடுப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே மூத்தவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் உங்கள் கதையில், ராணியின் புருஷன் தங்கியிருந்த வீட்டையே தகர்க்கும் கட்டம் வந்துவிட்டது. நீங்கள் பட்ட பாடு இருக்கிறதே! கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்கு அடியில நம்ம சரக்கை வச்சிட்டாக" என்றீர்கள். எதிரே ஒட்டிக்கொண்டிருந்த பேச்சியக்கா தலையை நிமிர்த்தினாள். "அவுகளுக்கு லைசென்சு இருந்துச்சாமா?" போர்மேன் வந்து சத்தம் போடும்வரை சிரித்தோம்.

அந்தப் பேச்சியக்கா தன் தங்கையோடு பேசாமல் இருந்தது ஊரறிந்த விஷயம். வெம்பக்கோட்டையில் கட்டிக்கொடுத்த தங்கை. அவள் மகள் சடங்குக்கு நேரில் வந்து அழைக்காமல் ஆள் விட்டு அழைத்தாளாம். அன்றோடு போக்குவரத்து நின்றது.

அடைக்கலம் தேடி வந்த ஸ்காட்லாந்து ராணியை இங்கிலாந்து ராணி சிறை வைத்தாள் என்று நீங்கள் சொன்ன அன்று, பேச்சியக்கா ஒட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் என்ன முறை?"

"அத்தை பேத்தி, அக்கா."

"அப்பம் மக முறைல்லா வருது! மகளையா பூட்டி வச்சா, பாவி? ஒரு எட்டுப் போயிப் பாத்துப் பேசியிருந்தா எல்லாம் தீந்திருக்குமே?"

நீங்கள் பசைக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு, "பாத்தா, அக்கா. அவளே போயிப் பாத்தா" என்றீர்கள்.

மழையில் குதிரை வண்டியில் போனாளாம். காவலாளிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தாளாம். இங்கிலாந்து மகாராணி முதலில் கேட்டது, "இம்புட்டு மெலிஞ்சிட்டியே, சாப்பிட்டியா?" நாங்கள் எல்லோரும் அழுதோம். விரலெல்லாம் பசை, முழங்கையால்தான் கண்ணைத் துடைத்தோம். அடுத்த ஞாயிறு பேச்சியக்கா வெம்பக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். திங்கட்கிழமை அவள் தூக்குச்சட்டியில் வெம்பக்கோட்டை அணை மீன் குழம்பு. "தங்கச்சி குடுத்துவிட்டா" என்று மேசையில் எல்லோருக்கும் ஊற்றினாள்.

போன மாதம் நூலகத்தில் அந்த ஸ்காட்லாந்து ராணியின் முழு வரலாறும் கிடைத்தது, மதினி. அவர்கள் இருவரும் சந்திக்கவே இல்லை. ஆயுசில் ஒரு தடவைகூட இல்லை. மரண உத்தரவில் ஒருத்தி கையெழுத்துப் போட்டாள், இன்னொருத்தியின் தலை போனது. எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் வந்தது. ஆறு பெண்டாட்டி கட்டிய ராஜா இரண்டு பேர் தலையை எடுத்த கதையைக் கொஞ்சமும் குறைக்காமல் சொன்னவர் நீங்கள். இது மட்டும் உங்களுக்குத் தெரியாதா? புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் இல்லை என்பதால் அப்படிச் சொன்னீர்களா, எதிரே பேச்சியக்கா இருந்தாள் என்பதாலா? உங்களைக் கேட்காமல் நான் யாரைக் கேட்பேன்?

ஆத்திரம் ஆறுவதற்குள் அடுத்தது வந்தது. வெம்பக்கோட்டைத் தங்கை மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் பேச்சியக்கா வீட்டுக்காரர் பெயர் விட்டுப்போய்விட்டது. "இனிமே அவ வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று மேசையில் சபதம் போட்டாள். நாங்கள் சொன்ன சமாதானம் எதுவும் எடுபடவில்லை. இந்தச் சனிக்கிழமை, வேலை முடிந்து கை கழுவும்போது என்னிடம் வந்து நின்றாள்.

"ஏளா, நீயும் உன் மதினி மாதிரி படிக்கியே. அந்த ராணி போயிப் பாத்தாள்லா, அதுக்குப் பெறகு ரெண்டு பேரும் ஒத்துமையாவா இருந்தாக?"

நான் படித்த புத்தகம் முழுக்கத் தொண்டை வரைக்கும் வந்தது, மதினி. அந்தக் கையெழுத்து, அந்த மேடை, எல்லாம்.

"எங்க இருந்தாக? மறுபடியும் சண்டைதான்" என்றேன். "மறுபடியும் அவளே போனா, அக்கா. மூத்தவ அவதான?"

பேச்சியக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "வெம்பக்கோட்டைக்கு அடுத்த பஸ் எப்பம்?" என்று கேட்டாள்.

இனி அந்தக் கதை என் பொறுப்பு. நான் அந்த மேசையில் இருக்கும்வரை உங்கள் ராணியின் கழுத்தில் ஒரு கீறல் விழ விடமாட்டேன்.

நீங்கள் விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும்,
உங்கள் சின்ன நாத்தனார்
செல்வி