சோபாவின் இடது ஓரம்

மார்ச் 4, செவ்வாய்

கணினிக்குள் சோபா செய்கிறேன். கடைக்கு வருகிறவர் கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு மெத்தையை அமுக்கினால், அது நிஜம்போல அமுங்கி நிமிர வேண்டும். அமுங்கும் பொருள்களுக்கெல்லாம் நானே சக்கரவர்த்தி. என் காலடிச் சத்தம் கேட்டாலே உலகத் தலையணைகள் குழைந்துவிடும். குழையாதவள் முதலாளி மட்டும்தான், என் அக்கா மகள். "மாமா, வெள்ளிக்கிழம கடைக்குக் காட்டணும். கதையளக்காம வேலையப் பாருங்க."

மார்ச் 5

இடது ஓரம் அமுங்கியே கிடக்கிறது. மேலே ஒன்றுமில்லை. லட்சத்துப் பதினோரு முறை கணக்கைச் சரிபார்த்தாயிற்று. அவ்வப்போது அந்தப் பள்ளம் லேசாக நகர்ந்து உட்காருகிறது.

அக்கா மகள் கருவியைக் கழற்றினாள். "மாமா, அங்க யாரோ உக்காந்திருக்காங்க."

"பேய்க்குத் தனியா காசு வாங்கிடலாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.

மார்ச் 6

தெரிந்துவிட்டது. நான்கு வருடம் முன்பு பாதியில் விட்ட சோபாவை எடுத்துத்தான் இதைச் செய்தேன். அன்று எடை பார்க்க என் மனைவியை உட்காரவைத்துப் பதிவுசெய்திருந்தேன். "இன்னும் எவ்ளோ நேரம்? கால் மரத்துப்போச்சு" என்று நெளிந்து நெளிந்து திட்டித் தீர்த்தாள். பிறகு கணினியில் அவள் உருவத்தை மறைத்தேன். எடையை எடுக்க மறந்திருக்கிறேன்.

அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். இங்கே மட்டும் எழாமல் உட்கார்ந்தே — ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

அக்கா மகளிடம் சொன்னேன். குனிந்துகொண்டாள். "அத்தைய நான் தொட மாட்டேன் மாமா. நீங்களே எடுங்க. ஒரு நகல் வேணா வச்சுக்குங்க."

"வேணாம்மா. நாலு வருஷம் உக்கார வச்சது போதும்."

மார்ச் 7, காலை

மெத்தை நிமிர மூன்று வினாடி என்று வைத்திருந்தேன். ஒரு நிமிடமாக மாற்றினேன். மூட்டுவலிக்காரி, சட்டென்று எழ மாட்டாள்.

பிறகு எடையை நீக்கினேன்.

மார்ச் 7, மாலை

அந்த ஒரு நிமிடத்தைத் திருப்பி மாற்ற மறந்தே போனேன். கடைக்காரர் அமுக்கிப் பார்த்தார். மறுபடி அமுக்கினார். "மெதுவா நிமிருதே, இதான் சார் சொகுசு. எல்லா சோபாவுக்கும் இப்படியே வச்சுடுங்க."

அக்கா மகள் என்னைப் பார்த்தாள். சக்கரவர்த்தி கூரையைப் பார்த்தார்.

மார்ச் 10

இன்று ஒன்பது சோபா முடித்தேன். ஒவ்வொன்றின் இடது ஓரத்தையும் அமுக்கிவிட்டு, முழுதாக நிமிரும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.