எந்த மருந்து என்று தெரியாத ஐந்து நிமிஷம்

கள்ளிக்குப்பம்
மே 19, செவ்வாய்

அன்பு மகள் காவ்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன் கண்ணு. அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் ராத்திரி பகல் பாராமல் நர்ஸ் வேலை பார்க்கிறவள், உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். இங்கே நானும் உன் நைனாவும் நல்லபடியாக இருக்கிறோம். இதை முதலில் நம்பிவிட்டு மேலே படி. நைனா உள்ளே உட்கார்ந்து ரசஞ்சோறு சாப்பிடுகிறார், அவரைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வராது, அவரும் பக்கத்திலேயே இருப்பார். அதனால் எழுதி, பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் லீவில் வரும்போது தெருக்காரர்கள் எல்லாரையும் கறுப்பு வெள்ளையில் போட்டோ எடுத்து, நம் வீட்டுக் குளியலறையை இருட்டாக்கி நீயே கழுவித் தருவதாகச் சொன்னாய் அல்லவா. ஏர்போர்ட் எக்ஸ்ரேயில் ஃபிலிம் கெட்டுவிடும், மருந்தை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அங்கேயே வாங்கி வை நைனா என்று லிஸ்ட் அனுப்பினாயே, அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு வேறு வேலை ஓடவில்லை. அம்பத்தூரில் ரயில் ஏறிப் போய், பிராட்வே பக்கம் சந்து சந்தாக விசாரித்து, கடைசியில் சுலைமான் என்கிறவர் கடையில் நாலு ஃபிலிம் ரோல், டெவலப்பர் பொடி, ஹைப்போ பொடி எல்லாம் வாங்கி வந்துவிட்டார். டெவலப்பர் படத்தை வரவைக்கும், ஹைப்போ அதை அழியாமல் நிறுத்தும் என்று எனக்குப் பாடம் வேறு நடத்தினார். பொடி பழைய சரக்கு, கரைத்துப் பாருங்கள், சரியில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் கொண்டுவாருங்கள் என்று சுலைமான் சொன்னாராம். நான் வரும்வரை பிரிக்காதே என்று நீ சொன்னது இவர் நினைவில் நிற்கவே இல்லை. இரண்டையும் கரைத்து இரண்டு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, பேப்பரில் பெயர் எழுதி ஒட்டி, வெயில் படக்கூடாதென்று சமையலறையில் குடத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். குடத்துத் தண்ணீர் சொட்டி இரண்டு பேப்பரும் ஊறிக் கழன்றுவிட்டன. நான் கவனிக்கவில்லை.

போன வியாழக்கிழமை மத்தியானம் ரேஷன் கடையில் நின்றுவிட்டு வேர்த்துக் கொட்ட வந்திருக்கிறார். கரண்ட் இல்லை. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடிவந்தால், தரையில் பாட்டில் உருண்டு கிடக்கிறது, இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு குமட்டுகிறார். தண்ணின்னு நெனச்சி மருந்தக் குடிச்சிட்டேன் ராஜம்மா என்றார். எந்த மருந்து என்று கத்தினேன். ரெண்டும் ஒரே மாதிரி கீது, எதுன்னு தெர்ல என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. அவர் குடித்த பாட்டிலை அதில் மிச்சமிருந்ததோடு மூடி, அதையும் சாமான் வாங்கிவந்த பையையும் அப்படியே தூக்கிக்கொண்டு, பொன்னியம்மா பிடித்துவந்த ஆட்டோவில் சி.டி.எச். ரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே சின்ன வயசு டாக்டரம்மா. பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு, டெவலப்பரா இருந்தா ரத்தத்தைக் கெடுத்து மூச்சு வரைக்கும் பாதிக்கும்மா, உடனே சிட்டிக்கு அனுப்பணும், ஹைப்போன்னா இங்கியே பாத்துக்கலாம், எதுன்னு சொல்லுங்க என்று கேட்கிறார். ஆம்புலன்ஸுக்கு ஒரு பக்கம் போன் போட்டார்கள். பைக்குள் பில் இருந்தது, அதில் கடை நம்பர் இருந்தது. பொன்னியம்மா அடித்துக் கொடுத்தாள். சுலைமான், பதறாதம்மா, பைல ஃபிலிம் ரோல் கீதா, நாக்கு மாதிரி ஒரு துண்டு வெளிய நீட்டிகினு இருக்கும், அத்த வெட்டி அந்தத் தண்ணில போடு, கறுத்தா டெவலப்பர், கண்ணாடி மாதிரி வெளுத்தா ஹைப்போ, அஞ்சு நிமிஷம் பாரு என்றார்.

நர்ஸ் கத்தரிக்கோலும், ஒன்னுக்கு டெஸ்டுக்குக் கொடுக்கிற பிளாஸ்டிக் கப்பும் கொடுத்தாள். அவசரத்தில் இழுத்ததில் ஃபிலிம் ஒரு முழத்துக்கு மேல் வெளியே வந்துவிட்டது. வெட்டிப் போட்டேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருஷம் துணியில் கறை பார்த்த கண் இது, ஆனால் அன்றைக்கு எதையும் நம்ப முடியவில்லை. ஒரு நேரம் கறுக்கிற மாதிரியே இருந்தது. கறுக்குதா பாருடி என்று பொன்னியம்மாவைக் கேட்டால், இல்லக்கா இன்னும் இல்லக்கா என்று அவள் அழுகிறாள். உள்ளே நைனா வாந்தி எடுக்கிற சத்தம். இந்த மனுஷன் போய்விட்டால் காவ்யாவுக்கு எப்படிச் சொல்வது, அவள் லிஸ்ட்டால்தான் என்று காலமெல்லாம் நினைத்துக்கொள்வாளே என்றுதான் ஓடியது மனசு. பிறகு ஓரம் பால் மாதிரி ஆனது. அப்புறம் நடுவே தெளிந்தது. அந்தத் துண்டு வழியாக கப்பின் அடியில் இருந்த நம்பர் எனக்குத் தெரிந்தது. டாக்டரம்மா என்று நான் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

டாக்டரம்மாவும் பார்த்தார், சுலைமானிடம் தானே ஒருமுறை பேசினார். அதை மட்டும் நம்பாமல் ரத்தம் எடுத்துப் பார்த்து, இரண்டு நாள் வைத்திருந்து சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். பயப்பட ஒன்றும் இல்லையாம். அவர்கள் சொல்லிவிட்டார்கள், எனக்குத்தான் பயம் போகவில்லை. தண்ணீர் குடிக்கும் முன் மோந்து பார்க்கிறேன். அவர் தூங்கினால் மூக்கருகே கை வைத்துப் பார்க்கிறேன். உன்னை நினைத்தால் இன்னும் பயம். நீ அந்த ஊரிலும் ஃபிலிம் கழுவக் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் தனியாக நிற்கிறாய், உனக்கு ஒன்று ஆனால் யார் ஃபிலிமை வெட்டிப் போட்டுப் பார்ப்பார்கள்? குடிக்கிற பாட்டிலில் எதையும் ஊற்றாதே. மருந்து இருக்கிற அறையில் சாப்பிடாதே. உள்ளே போகும் முன் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. கரைத்த மருந்தை நான் பூட்டி வைத்திருக்கிறேன், நீ வந்து சொல்கிற மாதிரி கொட்டலாம்.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஆட்டோவில் நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு, பாப்பா கைல சொல்லிடாத ராஜம்மா, இனிமே எங்கிட்ட எதுவுமே வாங்கியாரச் சொல்ல மாட்டா என்றார். அன்றிலிருந்து அந்தப் பையை அவர் தொடவே இல்லை. நான் இழுத்ததில் ஒரு ரோல் வீணாகிவிட்டது. நீ ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஒன்றும் தெரியாத மாதிரி, இன்னும் ஒரு ரோல் வேணும் நைனா, வாங்கியாறியா என்று கேள். அவர் ரயிலேறிப் போய்த் திரும்புகிறவரைக்கும் நான் வாசலிலேயே பயந்துகொண்டு நிற்பேன். இருந்தாலும் கேள்.

எல்லையம்மன் உனக்குத் துணையிருப்பாள். நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும் என் தங்கம். பதிலை என் போனுக்குப் போடாதே, பொன்னியம்மாவுக்குப் போடு. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. ஒரு ரோல்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா ராஜம்மா