மல்லாட்டை மில்லுக்கு மேற்கே ஒரு வீடு

என் பாக்கியம் அக்காவுக்கு,

"இந்தப் புள்ளைக்கு எத்தினி நாளா இப்பிடி இழுக்குது?"

நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பதினைந்து வருஷம் ஆகிறது. விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லுக்கு அடுத்த தெருவில், ஒரு காலி வீட்டு வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் ஐந்து வயது ஜெயமணி. அன்று காலையிலிருந்து தரகர் பேசியிருந்தார், வீட்டின் சொந்தக்காரர் பேசியிருந்தார், எதிர்க்கடைக்காரரும் பேசியிருந்தார். என் கணவருக்கு ரயில்வேயில் என்ன வேலை, எத்தனை பேர் குடியிருப்போம் என்றெல்லாம் கேட்டார்கள். பிள்ளையின் மூச்சைப் பற்றிக் கேட்டது, அந்த மில்லில் முறம் பிடிக்கிற நீ ஒருத்திதான்.

நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டாய். "இந்த வெயிலுக்குக் கம்பளிக் குல்லாவா? புள்ளய வேக வைக்கிறியா, இன்னா?"

எனக்குக் கோபம் வந்தது, அக்கா. இன்று சிரிப்பு வருகிறது.

பெங்களூர்க் குளிரிலிருந்து அன்றைக்கு முதல் நாள்தான் நாங்கள் இறங்கி வந்திருந்தோம். அங்கே விடியற்காலைப் பனி என்றால் ஜெயமணிக்கு விசில் அடிப்பதுபோல மூச்சு இழுக்கும். ஜன்னல் இடுக்கில் எல்லாம் பழைய செய்தித்தாளைத் திணித்து வைப்போம். "இந்தக் குழந்தைக்கு இன்னொரு குளிர்காலம் வேண்டாம், சூடான ஊராகப் பார்த்துப் போய்விடுங்கள்" என்றார் டாக்டர். அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று எனக்கும் என் கணவருக்கும் தெரியும். இவளுக்கு முன் பிறந்த பையனை நாங்கள் அப்படித்தான் இழந்திருந்தோம்.

என் கணவருக்கு விழுப்புரம் ஸ்டேஷனில் சரக்குக் கொட்டகை வேலை கிடைத்தது. எனக்கு இரண்டு பள்ளிக்கூடங்கள் இடம் தருவதாகச் சொல்லியிருந்தன. ஒன்று விழுப்புரத்தில், ஒன்று திண்டிவனத்தில். இரண்டும் சூடான ஊர்தான். அவருக்கு வேலை விழுப்புரம், அப்புறம் எனக்கு மட்டும் திண்டிவனம் எதற்கு? யோசிக்கவே தேவையில்லை என்று நினைத்தோம்.

அந்த வீட்டைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. ஓட்டு வீடு, புதுச் சுண்ணாம்பு, பின்னால் கிணறு, ஸ்டேஷன் கூப்பிடு தூரம். இவற்றையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. "நீங்க இன்னா ஜனம்?" என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு டவுனில் வீடு கிடைப்பது எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம், நீயும் நம் ஜனம்தானே. என் தாத்தா முகையூர்ப் பக்கம் கூலி வேலை செய்து, பஞ்சத்தில் பெங்களூருக்கு நடந்து போனவர். அவருடைய பேத்தி கேள்வி முறை இல்லாமல் ஓட்டு வீட்டில் குடியேறப் போகிறாள் என்று மனதுக்குள் எனக்கு ஒரே பெருமை.

அந்த நேரத்தில் நீ சொன்னாய்: "இந்த வூடு உனுக்கு வேணாம்."

நான் சந்தேகப்பட்டேன். வாயை விட்டும் கேட்டேன்: "நீங்க வேற யாருக்காவது இந்த வீட்டைப் பேசி வச்சிருக்கீங்களா?"

"ஆமா, என் மாமியாருக்கு. செத்துப்போய் பத்து வருசம் ஆவுது. அவ ஒருத்திதான் இந்த வூட்டுல தும்மாம இருப்பா" என்றாய்.

தரகர் சிரித்துவிட்டு, உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "நீ போயி வேலயப் பாரு பாக்கியம். மில்லுகாரங்களுக்குத் தெரிஞ்சா பேஜாராப் பூடும்."

நீ போகவில்லை. உன் முந்தானை நுனியை இரண்டு விரலால் பிடித்து உயரத் தூக்கினாய். அது கிழக்குப் பக்கமாகப் பறந்தது. என் கணவரைப் பார்த்து, "காத்து மேக்காலேர்ந்து வருது. பாப்பாவத் தூக்கிக்கினு போயி மேக்கால அந்தப் புங்க மரத்துக்கு அந்தாண்ட உக்காருங்க. நான் கூப்புட்றவரைக்கும் வராதீங்க" என்றாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போனார். பிள்ளை மரத்தடியில் உட்கார்ந்ததை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நீ துடைப்பத்தைக் கையில் எடுத்தாய்.

உள்ளே வந்து கூரைக் கட்டைகளை நாலு தட்டுத் தட்டினாய். செம்பழுப்பாக, மாவுபோல மல்லாட்டைத் தோலின் தூசி கொட்டியது. என் தலை, தோள், புடவை எல்லாம் அது. தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல இருந்தது எனக்கே.

"இது போன வருசத்துது. சொவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாங்க, மேல எவன் ஏறிப் பாக்குறான்? இப்ப ஆவணி, மேலக்காத்து. மில்லு கெழக்கால இருக்குது, அதுவும் ஓடல. வூடு சுத்தமாத்தான் தெரியும். தை பொறந்தா மில்லு ஓடும், காத்தும் திரும்பும். ரெண்டும் சேந்து வந்து இந்த வூட்லதான் குந்திக்கும். சித்திரை வரைக்கும் எழுந்திருக்காது. அதான் இங்க எவனும் குடிவர்றதில்ல. உங்கள மட்டும் ஒண்ணும் கேக்காம வுடறானே, ஏன்னு நெனச்ச?"

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது.

உன்னை நான் நம்பியது அந்தத் தூசியைப் பார்த்து அல்ல, அக்கா. ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் கரும்பலகைத் துணியை உதறச் சொன்னால், ஒரு பிள்ளை நின்ற இடத்திலேயே உதறும், முன்வரிசை முழுக்க இருமும். இன்னொரு பிள்ளை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி உதறும். இரண்டாவது பிள்ளையிடம் வகுப்பையே ஒப்படைத்துவிட்டு நான் தைரியமாகத் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போவேன். தூசியைக் காட்டி என்னைப் பயமுறுத்த நினைத்திருந்தால், பிள்ளையை வைத்துக்கொண்டே நீ தட்டியிருக்கலாம். நீ முதலில் காற்றைப் பார்த்தாய்.

என் கணவருக்கு மனம் ஆறவில்லை. "மொறத்தைப் புடிக்கிற ஒரு அம்மா சொன்னாங்கன்னு ஓட்டு வீட்டை விடுவாங்களா? நான் தினம் ரயில் ஏறி வரணுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் சம்மதம் சொல்லியாக வேண்டும். திண்டிவனத்தில் எங்களுக்கு யாரையும் தெரியாது. தவறான தெருவைப் பிடித்தால் அடுத்த தை மாதம் என் மடியில் இவள் இருப்பாளா? அதை எப்படி அவரிடம் வாய்விட்டுச் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் திண்டிவனத்தில் தெரு பார்க்கக் கிளம்பியபோது நீயே ஸ்டேஷனுக்கு வந்து நின்றாய். உன்னை யார் வரச் சொன்னது? "சும்மாதான் இருக்கேன், நானும் வர்றேன்" என்றாய். மில் ஓடாத மாதங்களிலும் அங்கே உனக்குக் கிடங்கு வேலை உண்டு, வாரத்தில் உனக்கு இருந்த ஒரே ஓய்வு நாள் அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

திண்டிவனத்தில் நாம் பார்த்த தெருவை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. கூரை வீடுகள். விழுப்புரத்து வீட்டுக்கு முன்னால் நிற்கக்கூட முடியாது. நீ வீட்டைப் பார்க்கவே இல்லை. கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த சவுரியம்மாவிடம் நேராகப் போய், "ஏம்மா, உங்க தெருவுல எந்த மாசம் பேஜாரு?" என்று கேட்டாய்.

சவுரியம்மா வாளியைக் கீழே வைத்தாள். "மாசியும் பங்குனியும்தான். அவங்கவங்க வூட்டு வாசல்லயே மல்லாட்டைய காய வெச்சி, அடிச்சி, தூத்துவோம். ஒருத்தி தூசு இன்னொருத்தி சோத்துல வுழும். அப்புறம் இன்னா, சண்டதான். அதுலயும் எதுத்த வூட்டுக்காரி வாயிருக்குதே…"

"உன் வாய வுடவா?" என்று எதிர்வீட்டிலிருந்து சத்தம் வந்தது.

தூசுக்குப் பயந்து இவ்வளவு தூரம் வந்தால் இங்கேயும் அதே தூசு. திரும்பிப் போய்விடலாம் என்று உன் கையைப் பிடித்தேன். நீ என் காதோரம் சொன்னாய்: "இது மில்லுத் தூசு இல்ல, மொறத்துத் தூசு. மில்லுகிட்ட பேச முடியாது. இவங்ககிட்ட பேசலாம். வந்தவுங்ககிட்ட தன் தெருக் கொறைய மறைக்காம சொல்றா பாரு. இங்க இரு."

இருந்தோம். முதல் நாள் நான் செய்த வேலை என்ன தெரியுமா? பெங்களூர்ப் பழக்கத்தில் ஜன்னல் இடுக்கில் காகிதம் திணித்தேன். சவுரியம்மா வந்து பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, நீங்க இன்னா ஊறுகாயா? மூடி போட்டுக்கினு குந்தியிருக்கீங்க" என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டாள். ஜெயமணியின் கம்பளிக் குல்லாவில் அவள் வீட்டுக் கோழி முட்டையிட்டது.

மாசி பிறந்தது. நீ மறுபடி வந்தாய். இந்தத் தடவை உன்னுடைய முறத்தையும் எடுத்து வந்திருந்தாய். தெருவின் மேற்கு முனையில் ஏரிக்கரை இருக்கிறதல்லவா, அங்கே எல்லாரும் போய்த் தூற்ற வேண்டும் என்று பேச்சை எடுத்தாய்.

சவுரியம்மாவின் கொழுந்தனார் எழுந்தார். "டீச்சரம்மா புள்ளைக்காக தெருவே மூட்டை தூக்கிக்கினு ஏரிக்கு நடக்கணுமா? இன்னா ஞாயம் இது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்தத் தெருவுக்கு வந்து ஆறு மாதம் ஆகவில்லை, என் பிள்ளைக்காக நான் எப்படிக் கேட்பது?

நீ பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உன் வாசல்ல காத்து எங்கேர்ந்து வரும்? அந்தாண்ட சொவுரு, இந்தாண்ட சொவுரு. ஒரு மூட்டை தூத்த உனுக்கு எம்மா நேரம் ஆவுது?"

"சாயங்காலம் ஆயிடும்."

"கரை மேல காத்து தடுக்க ஒண்ணும் இல்ல. நான் மதியத்துக்குள்ள முடிச்சிக் காட்றேன். முடிக்கல, இந்த மொறத்தை உன் தலையிலயே கவுத்துக்க."

பந்தயம் பார்க்கத் தெருவே வந்தது. நீ கரை மேல் நின்று, காற்றை ஒரு தரம் முகத்தில் வாங்கிப் பார்த்து, முறத்தைத் தூக்கிச் சரித்தாய். பருப்பு உன் காலடியில் விழுந்தது. தோல் எல்லாம் ஏரிப் பக்கம் பறந்து போனது. வெயில் உச்சிக்கு வரும் முன் மூட்டை முடிந்தது. கொழுந்தனார் வீட்டுக்குப் போனார். தன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

அந்தப் பங்குனி முழுக்க ஜெயமணிக்கு ஒரே ஒரு தடவை இழுத்தது. மறு வருஷம் அதுவும் இல்லை. தெருவில் இன்றைக்கும் ஏரிக்கரையில்தான் தூற்றுகிறார்கள். எதற்காக ஆரம்பித்தது என்று புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். சோற்றில் தூசு விழுவதில்லை. சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது என்று சவுரியம்மாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

அன்று வாசலில் உன்னைச் சந்தேகப்பட்டேனே, அது பல வருஷம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. நீ நோயில் படுத்துக்கிடந்தபோது வந்து சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "அப்பிடியா கேட்ட? எனுக்கு நெனப்பே இல்ல. புள்ள நல்லாக்கீதா?" என்றாய். அதோடு என் பாரம் இறங்கியது. எனக்குப் புரியாமல் நிற்பது இன்னொன்று. எங்களை அந்தத் தூசியிலிருந்து விரட்டிவிட்டு நீ ஏன் அக்கா அங்கேயே இருந்தாய்? திண்டிவனத்துக்கு வா என்று எத்தனை தடவை கூப்பிட்டேன்? "மில்லு வேலைய வுட்டு?" என்று சிரித்துவிடுவாய். சிரிப்பு முடியும்போது இருமல் வரும். நான் இன்னும் கொஞ்சம் பிடிவாதமாகக் கூப்பிட்டிருக்க வேண்டுமோ?

நீ கண்ணை மூடிய பிறகு இந்த இரண்டு மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அரிசிக்கு இன்னும் ரேஷன்தான். சுதந்திரம் வந்தும் கியூ போகவில்லை என்று என் கணவர் தினமும் புலம்புகிறார். அவர் இத்தனை வருஷமும் ரயில் ஏறி விழுப்புரம் போய் வந்தார். "பாக்கியம் அக்கா கையால எனக்குக் கெடச்ச தண்டனை" என்பார் வாயால். உன்னைப் பார்க்கப் போகும்போதெல்லாம் வெற்றிலைக் கட்டை வாங்கிக்கொண்டு முதலில் கிளம்பியது அவர்தான்.

ஜெயமணிக்கு முகையூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் நடை. போன வாரம் அவளோடு நானும் போனேன். மழைக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் போனாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அவள் திரும்பி நின்று, "ஜல்தி வாம்மா!" என்று கத்தினாள். வரப்பு நடுவில் நின்று நான் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதில் விசில் இல்லை, அக்கா. துளிகூட இல்லை.

என் இடத்துக்கு ஒரு புது டீச்சர் குன்னூரிலிருந்து வந்திருக்கிறாள். கையில் இரண்டு வயதுக் குழந்தை. எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டாள். ஒரு தெருவின் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் நாளைக் காலை அவளோடு நானே நடக்கப் போகிறேன். எங்கள் தெருவில் என்ன குறை என்பதையும் அவளுக்கு ஒன்று விடாமல் சொல்வேன். நீ எனக்குச் செய்ததை இன்னொரு பிள்ளைக்குச் செய்யாமல் விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ இதைப் படிக்கப் போவதில்லை, அக்கா; படிக்கிறவர்களில் ஊர் மாறிப் போகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வீட்டுச் சாவியை வாங்கும் முன், அந்தத் தெருக் கிணற்றடிக்குப் போய், "உங்கள் தெருவில் எந்த மாதம் கஷ்டம்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
ஜெயமணியின் அம்மா,
திண்டிவனம்.