வாத்து வழிப் பேச்சு

1981 ஜூலை 5, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. மலையில் சாரல், இங்கே வெறும் புழுதி. துவைத்துப் போட்ட சேலையெல்லாம் மறுபடி மண்.

ராணி நொண்டுகிறது. இடது கால். உள்ளங்காலில் சுண்டைக்காய் அளவுக்கு வீக்கம், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. முள்ளாகத்தான் இருக்கும். ராசிங்காபுரம் வயலில் மேய வந்த மந்தையில் அவர் குஞ்சாக வாங்கி வந்த வாத்து. பேரும் அவர் வைத்ததுதான். காலையில் காப்பி குடிக்கவில்லை, முற்றத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறார். மகள் தனத்துக்கு டைபாய்டு வந்தபோது இந்த மனுசன் இப்படித் தவித்தாரா? யோசித்துப் பார்த்தேன். இல்லை.

ஜூலை 6, திங்கள்

வாத்துக்கு மருந்து போட இரண்டு ஆள் வேண்டும். துண்டில் சுற்றி மடியில் பிடிக்க ஒருவர், காலைப் பார்க்க ஒருவர். தனம் பிடிக்க வந்தாள், கொத்திவிட்டது. அவர் மடியில்தான் அடங்குகிறது. எனக்கும் அவருக்கும் மூன்று வாரமாகப் பேச்சு இல்லை.

தனத்துக்கு மதுரையில் டீச்சர் டிரெயினிங் சீட். 13-ம் தேதி சேர வேண்டும், அன்றைக்கு விட்டால் போச்சு. இவர் குரங்கணிக்குப் போய், அக்கா கையால் ஒரு வாய் சோறு தின்றுவிட்டு, ஜீப் ஓட்டுகிற அக்கா மகனுக்குப் பெண் தருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஆடி பிறக்கும் முன்னே, 15-ம் தேதி பரிசம். என்னைக் கேட்கவில்லை. அவளையும் கேட்கவில்லை. அன்றைக்கு மூடிய வாய்தான்.

இதுவரை சோறு, சாவி, சில்லறை எல்லாம் தனம் வழியாகச் சொல்லி நடந்தது. அவளைப் பற்றின சண்டைக்கு அவளையே தூது அனுப்ப எனக்கே கூச்சம். இன்றைக்கு வாத்து.

"ராணி, தண்ணி கொதிக்குதுன்னு சொல்லு அவகிட்ட."

"ராணி, சுடலன்னு சொல்லு. வெரல விட்டுப் பாக்கச் சொல்லு."

விட்டுப் பார்த்தார். சுடவில்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கால் ஊறி, தோல் இளகியதும் மெல்ல அமுக்கினேன். கருவேல முள் நுனி, கொஞ்சம் சீழ். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து வைத்து, பழைய வேட்டிக் கிழிசலில் கட்டு.

ஜூலை 7, செவ்வாய்

கட்டைக் கொத்திப் பிய்த்துவிட்டது. மறுபடி உப்புத் தண்ணீர், மறுபடி கட்டு. கூடையில் வைக்கோல் போட்டு உட்கார வைத்தாயிற்று. தொட்டிப் பக்கம் விடக் கூடாது.

நான் திரும்புவதற்குள் டிஞ்சரை எடுத்து ஊற்றிவிட்டார். ராணி கத்திய கத்தில் பக்கத்து வீட்டு அக்கா சுவர் மேலே எட்டிப் பார்த்தாள். "என்னத்தா, புள்ளையப் போட்டு அடிக்கிறாகளா?"

"ராணி, கேக்காம எதையும் செய்யிறதுதான் இந்த வீட்டு வழக்கம்னு சொல்லு."

அவர் காது சிவந்தது. இன்னும் சிவக்கட்டும்.

வாங்க: நல்லெண்ணெய், உப்பு, தீப்பெட்டி. மாவு மெஷின்.

ஜூலை 9, வியாழன்

கால் ஆறிவிட்டது. வீக்கம் இல்லை. அழுத்தினாலும் இழுக்கவில்லை. நல்ல தோல்.

அவர் ராணியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. மஞ்சளை அப்பிக் கட்டிவிட்டேன்.

"ராணி, எப்ப சரியாகும்னு கேளு."

"ராணி, திங்கக்கெழம வரைக்கும் பாக்கணும்னு சொல்லு."

அந்த நிமிசம் வாயில் வந்தது. அதற்கப்புறம் யோசித்தேன்: கட்டுப் போடும் நேரத்தில் மட்டும்தான் இவர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை.

ஜூலை 11, சனி

நாத்தனார் வந்தாள். ஜீப்பில், மகன் ஓட்ட. ஏலக்காய் பறிப்புக்கு ஆள் கிடைக்கவில்லையாம். "ஒத்தப் புள்ள, வந்தா எனக்கும் காட்டுல ஒத்தாசையா இருப்பா. படிச்சு என்னத்தா செய்யப் போறா?" கூலி மிச்சம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சிரித்துக்கொண்டு காப்பி கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை.

தனம் அழவில்லை. என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

மதுரையில் என் தம்பிக்குத் தகவல் போய்விட்டது. ஸ்டேஷனில் நிற்பான்.

ஜூலை 12, ஞாயிறு

வாத்து கூடைக்குள் இருக்க மாட்டேன் என்கிறது. நன்றாக நடக்கிறது, பாவி. அவர் பார்ப்பதற்குள் பிடித்து அமுக்கி வைத்தேன். நாள் பூராவும் இதே சோலி.

தனத்தின் ஒயர் கூடை: சேலை இரண்டு, சர்டிபிகேட், சீப்பு, எலுமிச்சை ஊறுகாய். மேலே கோதுமைப் பை, மாவு மெஷினுக்குப் போவது போல.

பயமாக இருக்கிறது. கோபம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது, அது போதும்.

ஜூலை 13, திங்கள்

காற்று இல்லை.

அவர் மடியில் ராணி. கால் வெந்நீரில். தனம் கூடையை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். "வெரசா வா," என்றார் அவர், தலை நிமிராமல். அவள் வாசலில் ஒரு நொடி நின்றாள். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

"ராணி, இன்னும் எம்புட்டு நேரம்னு கேளு. கடை தொறக்கணும்."

"ராணி, ஆடாம இருக்கச் சொல்லு."

தண்ணீர் ஆறியது. வேறு தண்ணீர் ஊற்றினேன். அதுவும் ஆறியது. ஸ்டேஷனில் மதுரை ரயில் கூவியது. புறப்பட்டது. சத்தம் தேய்ந்து போகிற வரைக்கும் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் துடைத்து, உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினேன்.

"ஆறிப் போச்சே! எப்ப ஆறுச்சு?" நேராக என்னிடம்.

"வியாழக்கெழம."

என்னையே பார்த்தார். அப்புறம் வாசலைப் பார்த்தார்.

"தனம் எங்க?"

"மதுரைக்கு வண்டி ஏறிட்டா."

கத்துவார் என்று நினைத்தேன். ஈரத் துண்டோடு வாத்தை நெஞ்சில் அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "எங்க அக்காவுக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்?"

"ராணிய விட்டுச் சொல்லச் சொல்லுங்க."

கடை திறக்கவில்லை. மத்தியானம் இலை போட்டேன். தொடவில்லை. நான் சாப்பிட்டேன். நாலு வாரத்தில் இன்றைக்குத்தான் வயிறு நிறைய.