கேப்டனம்மாவின் படகு இன்னும் கரையில்தான்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிரக் குறையில்லை, உன் அம்மா என்னைவிட வேகமாக ஏணி ஏறுகிறாள். ஏணி எதற்கு என்று கேட்பாய். கிளம்பத்தானே போகிறோம் என்று அவசரப்பட்டு வீட்டைக் காலி செய்தோம் அல்லவா, படகு இன்னும் தண்ணீரில் இறங்கவில்லை, படகுப் பட்டறை முற்றத்தில் இரும்பு முட்டுகளின் மேல் நிற்கிறது, அதற்குள்ளேதான் எங்கள் குடித்தனம். தண்ணீர் பிடிக்க வேண்டுமென்றால் குடத்தோடு இறங்கி ஏற வேண்டும், கழிப்பறை முற்றத்தின் அந்தக் கோடியில். உள்ளே பாத்திரம் கழுவினால் அழுக்குத் தண்ணீர் நேராகக் கீழே கொட்டும், முதல் நாளே பெயின்டர் தலையில் கொட்டிவிட்டேன், அவர் நிமிர்ந்து பார்த்து, "வீட்லயே குளிச்சுட்டுத்தான் சார் வந்தேன்" என்றார். பக்கத்துப் படகைத் தேய்க்கிற தூசி டீயில் விழுகிறது. இதையெல்லாம் சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

போனில் சொல்ல வழியில்லாமல்தான் எழுதுகிறேன், அந்தப் படகுக்குள் ஒரு மூலையில் தும்மினால் இன்னொரு மூலையில் கேட்கும். இப்போது நான் பாய்மரத் துணி தைக்கிற சாமான் அறையில் இருக்கிறேன், அம்மா வெளியே படகின் அடிவயிற்றுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறாள். ஆயுள் முழுக்கச் சட்டை தைத்த கை, இந்தத் துணியை மெஷினுக்குள் தள்ளுவதற்குள் விட்டுப்போகிறது. தையல் ஒரு நூல் கோணினாலும் பிரிக்கச் சொல்லுவாள். துறைமுகத்துக்குள் அத்தனை பெரிய கப்பல்களை இழுவைப் படகில் கட்டி இழுத்து வந்தவள், யார் வாதாடினாலும் பட்டறையில் கடைசியில் அவள் சொன்னதுதான், கேப்டனம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். பாயை விரித்துக் கடலைத் தாண்டி உன் வாசலில் வந்து இறங்குவேன் என்று நீ கிளம்பிப் போன அன்றே சொன்னாள், அதற்காகத்தான் இத்தனை பாடும்.

நடந்ததைச் சொல்கிறேன். படகின் அடியில் வேகத்தைக் காட்டும் சின்னச் சக்கரம் ஒன்று உண்டு, அதைச் சுத்தம் செய்யக் கழற்றினால் அந்த ஓட்டையை மூடியால் அடைக்க வேண்டும். படகை முதல் தடவை இறக்கிய அன்று கிரேன் மெதுவாகத் தண்ணீரில் வைத்ததும் உள்ளே குழாய் திறந்த மாதிரி பீறிட்டது. நான் கத்தினேன், கிரேன்காரர் உடனே தூக்கிவிட்டார். மூடி அம்மாவின் சட்டைப் பையில் இருந்தது. அவளே சிரித்துவிட்டாள், எல்லோரும் சிரித்தோம், யாருக்கும் வருகிற மறதிதானே. நனைந்த வயர்களை மாற்றி, எஞ்சினைக் காயவைத்து, மறுபடி நாள் பார்த்தோம். முந்தின நாள் நானே மூடியைத் தொட்டுப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. காலையில் அவள் போய் மூடியைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறாள். மறுபடி தண்ணீர். கிரேன்காரர், "என்ன கேப்டனம்மா, போன தடவை மாதிரியே ஆயிடுச்சே" என்றார். இவள் அவரை ஏற இறங்கப் பார்த்து, "போன தடவையா, இன்னைக்குத்தானே முதல் தடவையா இறக்குறோம்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

டாக்டரிடம் காட்டினேன். படம் எடுத்தார்கள், கேள்வி கேட்டார்கள். மறதி நோய்தான், மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது என்றார், படகு ஓட்டவே கூடாது என்றும் சொன்னார். உன் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, "அப்போ சீக்கிரம் கிளம்பணுங்க, எல்லாம் மறக்கறதுக்குள்ள அவகிட்டப் போய்ச் சேர்ந்துடணும்" என்றாள். பிளேனில் போகலாமே என்றால் மூட்டை மாதிரி வந்து இறங்க மாட்டாளாம். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை மகளே. பெயின்ட் அடிக்காதே என்று சொல்ல முடியவில்லை, அடிப்பதைப் பார்க்கவும் முடியவில்லை. நேற்றுவரை அவளோடு மல்லுக்கு நின்ற மெக்கானிக்கும் பெயின்டரும் இப்போது அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, அவள் நகர்ந்ததும் வந்து சரிபார்க்கிறார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனாலும் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடல் வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தாள். எந்த மாதம் எந்தக் காற்று, எங்கே நீரோட்டம் இழுக்கும், எங்கே ஒதுங்கி நிற்கலாம், ஒன்றுகூடத் தப்பில்லை, நான் புத்தகத்தில் சரிபார்த்தேன். டாக்டர் சொன்னது பொய்தானோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. விரல் உன் ஊரில் வந்து நின்றது. அப்புறம் என்னைப் பார்த்து, "இங்கே நமக்கு யாருங்க இருக்காங்க?" என்று கேட்டாள். நம்ம பொண்ணு என்றேன். "ஆமா, ஆமா" என்று உடனே சொன்னாள், கோபித்துக்கொள்கிற மாதிரி. வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுப் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏணியில் இறங்கிவிட்டாள்.

உன்னிடம் நான் இதுவரை வா என்று சொன்னதில்லை. கைக்குழந்தை, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது, எல்லாம் எனக்குத் தெரியும். இப்போது சொல்கிறேன், வா. இந்தப் படகு வராது. அவளிடம் அதை எப்படிச் சொல்வது என்று நீ வந்த பிறகு இரண்டு பேருமாக யோசிப்போம், தனியாக என்னால் முடியவில்லை.

குட்டி நோய்நொடியில்லாமல் வளரட்டும், நீங்கள் இருவரும் மனம் கோணாமல் நிறைவாக வாழ வேண்டும், அது ஒன்றுதான் என் வேண்டுதல். நான் எழுதியது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். இனிமேல் அவளுக்கு போன் செய்தால் வெறுமனே "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்காதே. எடுத்ததும் உன் பெயரைச் சொல்லி, உங்கள் மகள் பேசுகிறேன் என்று நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா