என் பெயருக்குப் பாப்பாத்தி

6-3-51, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. ரப்பர் மரமெல்லாம் ஈரம், பால் வெட்டு இல்லை. எனக்கென்ன, தையல் மெஷின் நனையாது. ஏழு ரவிக்கைக்குக் கை வைத்தாயிற்று. தெங்கேராவில் துணிக்கடை வைத்திருக்கும் நானா வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்.

சரசுவுக்கு இன்று வலிப்பு வரவில்லை. நேற்று இரண்டு தடவை. நாலு வயதுப் பிள்ளை. ஆயாக்கொட்டகையில் விடவும் வழியில்லை. "விழுந்து கிழுந்து வச்சா எம்மேலதான பழி. நீயே பாத்துக்க" என்கிறாள் ஆயா.

பார்த்துக்கொள்கிறேன். ஆனால் வீடு? காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டுமாம். நிற்காவிட்டால் மாதக் கடைசியில் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டுமாம். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஐயா சொல்லிவிட்டார். சரசு அப்பா போய்ச் சேர்ந்து ஐந்து மாதம். இந்த முள்வேலிக்கு வெளியே எனக்கு யார் இருக்கிறார்கள்?

7-3, புதன்

வழி கிடைத்தது! அடுத்த அறை லெட்சுமியக்கா மகள் பாப்பாத்தி. பதினேழு வயது. புது ஆள் எடுப்பதில்லை என்று தொரை சொன்னதால் சும்மா இருக்கிறாள். என் பெயருக்கு அவள் குரல் கொடுப்பாள், என் மரங்களில் பால் வெட்டுவாள். சம்பளம் அவளுக்கு, அறை எனக்கு. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கண்டுகொள்ள மாட்டார். அவர் மகளுக்கு ஒரு கவுன்.

"கேட்ல அடையாளக் கார்டு கேப்பானே, பாப்பாத்தி?"

"ஒங்க கார்டக் குடுங்கக்கா. அந்தப் போட்டோல மூஞ்சியா தெரியுது? நம்பர மட்டுந்தான் பாப்பான்லா."

கொடுத்துவிட்டேன்.

9-3, வெள்ளி

வீட்டில் இருந்து வேலை செய்வதில் வசதி:
– சரசு கண்ணெதிரே
– சுடுகஞ்சி
– மழையிலும் வேலை

கஷ்டம்: அவள் விழுந்தால் பாதித் தையலில் எழுந்து ஓட வேண்டும். கத்தரி, ஊசி எல்லாம் பரண் மேல்.

நானா வந்தார். "தையல் கோணுதே, தங்கச்சி." கோணாமல் என்ன செய்யும். ஒரு கால் மிதியில், ஒரு கால் பிள்ளை மேல்.

கேட்டில் அவர் மூட்டையை அவிழ்த்து ஒவ்வொரு ரவிக்கையாக உதறினார்களாம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு என் ரவிக்கை எதற்கோ!

12-3, திங்கள்

 சரசு தூங்கிவிட்டாள், எழுதுகிறேன்.

பத்து மணிக்கு இரண்டு லாரி சோல்ஜர்கள். லயத்தில் இருந்த எல்லாரையும் திடலில் குந்த வைத்தார்கள். கார்டு எங்கே, கார்டு எங்கே. என்னுடையது பாப்பாத்தி இடுப்பில். சரசுவுக்கு என் மடியிலேயே வந்துவிட்டது. வாயெல்லாம் நுரை.

பாப்பாத்தியைப் பால் வாளியோடு பிடித்து வந்தார்கள். கார்டைக் கைமாற்றினால் காட்டுக்கு உதவியதாகச் சந்தேகமாம். இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். பிள்ளையைக் கூட்டிப்போகக் கூடாதாம்.

கிராணி ஐயா யாழ்ப்பாணத்தார், கெட்டவர் இல்லை. காதருகே வந்து சொன்னார்: "இஞ்ச பாரும் பிள்ளை, கார்டு களவு போனதெண்டு சொல்லும். நீரும் போனால் இந்தக் குழந்தையை ஆர் பாக்கிறது?"

சொன்னேன். அவள் திருடினாள் என்று சொன்னேன். ஐயா இங்கிலீஷில் திருப்பிச் சொன்னார்.

பாப்பாத்தி வாளியை யாரிடமாவது கொடுக்கச் சுற்றிப் பார்த்தாள். யாரும் வாங்கவில்லை. கீழே வைத்துவிட்டு லாரியில் ஏறினாள்.

13-3, செவ்வாய்

வெயில். சரசு நன்றாக இருக்கிறாள், இரண்டு தடவை கஞ்சி கேட்டாள். கார்டு திரும்ப வந்துவிட்டது. கிராணி ஐயா மாதக் கடைசி வரை என் பெயருக்கு நேரே 'சுகமில்லை' என்று எழுதுவாராம். அப்புறம்? தெரியாது.

பைப்படியில் லெட்சுமியக்கா. திட்டவில்லை. "ஒம்புள்ள ஒங்கிட்ட இருக்கு, அன்னம். எம்புள்ள எங்க?"

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் இரண்டு அறைக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். அவள் மூக்கைச் சிந்துவதுகூட இங்கே கேட்கிறது. மெஷினை மிதித்தால் அங்கே கேட்கும். நானா புதிதாகக் கொடுத்த பன்னிரண்டு ரவிக்கை பாக்கி.

கையாலேயே தைக்கிறேன்.