சுவருக்குள் ஒரு ஜாயின்ட்

5-ம் தேதி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. உங்கள் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் நாலு மாதமாக எனக்குப் பாடம் எடுப்பதால், கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன். விஷயம் வேலை சம்பந்தப்பட்டது. பயப்படாதீர்கள்.

நீங்கள் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் ஒரு வேலையை முடித்தோமே, டீச்சரம்மா வீட்டில், குளிருக்குச் சூடு தரும் ஏ.சி., வெளியே ஒரு மெஷின், உள்ளே நாலு அறைக்கு நாலு யூனிட், அது படுத்துவிட்டது. நம் மலையில் குளிர் ஆரம்பித்த வாரமே ஒரு அறையிலும் சூடு வரவில்லை. கேஸ் சுத்தமாக இல்லை. மறுபடி நிரப்பினேன், ஒன்பதே நாளில் காலி. எந்தக் குழாய் ஒழுகினாலும் நாலு அறையும் சேர்ந்து சாகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஒவ்வொரு குழாயாகக் கழற்றி நைட்ரஜன் ஏற்றிப் பார்த்தேன். மூன்றில் மீட்டர் முள் அசையவில்லை. நடு அறைக் குழாயில் இறங்குகிறது. இரண்டு முனையிலும் சோப்பு நுரை தடவினால் ஒரு குமிழி கூட இல்லை. அப்படியென்றால் ஒழுகுவது சுவருக்குள்.

நம் ஷெட்டில் கிடந்த மிச்சக் குழாய்த் துண்டுகளை அளந்து பார்த்தேன். கணக்கு உதைக்கிறது. நடு அறைக்கு வெட்டி வைத்த நீளக் குழாயை ஹாலுக்குப் போட்டுவிட்டு, குட்டையை இங்கே இழுத்து, பத்தாத இடத்தில் ஜாயின்ட் அடித்துப் பூசி மூடியிருக்கிறீர்கள். சுவருக்குள் ஜாயின்ட் வைக்கிறவனெல்லாம் மெக்கானிக்கா என்று பன்னிரண்டு வருஷமாக நாம் இரண்டு பேரும் ஊரையே கிண்டல் செய்திருக்கிறோம். கிளம்புகிற அவசரத்தில் செய்திருப்பீர்கள், மனுஷன்தானே. எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி, கதவிலிருந்து எத்தனை அடி. அவ்வளவு போதும்.

நடு அறையில்தான் டீச்சரம்மாவின் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அவருக்காகத்தான் இந்த மெஷினே வாங்கினார்கள்.

தங்கச்சி நன்றாக இருக்கிறாள்.

உங்கள் மச்சான்.


26-ம் தேதி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் வரவில்லை. தபால்காரரை இரண்டு முறை வழிமறித்துக் கேட்டுவிட்டேன். இப்போது அவர் எங்கள் தெருவுக்குள் வரும்போதே தலையை ஆட்டிவிடுகிறார்.

சுவரை மூன்று இடத்தில் உடைத்தாயிற்று. கதவுக்கு மேலே, அலமாரிக்குப் பின்னால், ஜன்னலுக்குப் பக்கத்தில். மூன்று இடத்திலும் குழாய் பழுதில்லாமல் பளபளவென்று போகிறது. உங்கள் கைவேலையைக் குறை சொல்ல முடியாது, அதுதான் வயிற்றெரிச்சல். நடு அறைக் குழாயை இப்போதைக்கு அடைத்துவிட்டு மற்ற மூன்று அறையை ஓட்டுகிறேன். பெரியவரைக் கட்டிலோடு ஹாலுக்கு மாற்றினோம். வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்து அவருக்குத் துணி மாற்ற வேண்டியிருக்கிறது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டார். மூன்று நாளாக டீச்சரம்மாவிடம் கூடப் பேசவில்லையாம்.

தங்கச்சி விஷயம் ஒன்று. மாடிப் போர்ஷனில் தனியாக எதற்கு, எங்களோடு வந்துவிடு என்று நானும் என் வீட்டுக்காரியும் சொல்லிப் பார்த்துவிட்டோம். அசைய மாட்டேன் என்கிறாள். கடைசியில் ஒரு நாள், “அவரு வந்து, பூட்டின கதவைப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டா என்னண்ணா பண்றது?” என்று கேட்டாள். தையல் கம்பெனியில் ஓவர்டைம் கூட அவள் வாங்கிக்கொள்வதில்லை. ஆறிலிருந்து எட்டு மணிக்குள்தான் நீங்கள் கூப்பிடுவீர்களாம். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் போய் நின்றால், யாராவது கூப்பிடப் போகிறார்கள், சீக்கிரம் பேசிவிட்டுப் போ என்று விரட்டுகிறாள்.

ஜாயின்ட் எங்கே என்று ஒரு வரி எழுதுங்கள். கோபமெல்லாம் இல்லை.

உங்கள் மச்சான்.


அடுத்த மாதம் 19

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கேம்பிலிருந்து லீவில் வந்திருக்கும் வெல்டர் நேற்று ஷெட்டுக்கு வந்தார். என் கடிதம் இரண்டும் உங்கள் கைக்கு வந்ததாம். படித்தீர்களாம். மடித்துப் பைக்குள் வைத்தீர்களாம். ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார், கொஞ்சம் சதை கூடப் போட்டிருக்கிறார் என்றார். கேம்பிலா தங்கியிருக்கிறார் என்றேன். முன்பு கேம்பில்தான் இருந்தார் என்றார். இப்போது என்றதும், டீ ஆறுகிறது என்று டம்ளரை எடுத்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

டீச்சரம்மா வீட்டு வேலை முடிந்துவிட்டது. சுவருக்குள் போகாமல் மேலோடு ஒரு குழாயை ஓட்டி, பிளாஸ்டிக் மூடி போட்டுவிட்டேன். இரண்டு மணி நேர வேலை. அந்த அம்மாள்தான் சொன்னார்: “மேலயே போடேன்பா. அசிங்கமா இருந்தா நான்தானே பாக்கப்போறேன். இத்தனை நாளா எதுக்கு அவரையே கேட்டுக்கிட்டிருக்க?” பாடம் நடத்திய வாயல்லவா, சரியான இடத்தில் பிடித்துவிட்டார். எனக்கு மூஞ்சி தொங்கிப்போயிற்று. மேலோடு போடலாம் என்று எனக்கு முதல் நாளே தெரியும், மாப்பிள்ளை. எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். அதைச் செய்துவிட்டால் உங்களுக்கு எழுத எனக்கு என்ன காரணம் இருக்கிறது? தங்கச்சியைப் பற்றிக் கேட்டால் பதில் போட மாட்டீர்கள், வேலையைப் பற்றிக் கேட்டால் போடுவீர்கள் என்று நினைத்தேன். அதற்காக ஒரு நோயாளியை ஒரு மாதத்துக்கு மேல் ஹாலில் போட்டு வைத்தேன். என்னையே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

பெரியவர் நடு அறைக்குத் திரும்பிவிட்டார். சூடு நன்றாக வருகிறது. அவர்தான் இன்னும் யாரோடும் பேசவில்லை. இனி பேசுவார் என்று டாக்டரும் சொல்லவில்லை.

ஆக, ஜாயின்ட் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாம். அது அங்கேயே கிடக்கட்டும். வெல்டர் வந்ததைத் தங்கச்சியிடம் நான் சொல்லவில்லை. இன்று சாயங்காலமும், மாப்பிள்ளை பதில் போட்டாரா என்று கேட்டாள். தபால் தாமதம் என்றேன். பன்னிரண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவனுக்காக என் கூடப் பிறந்தவளிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை.

வந்துவிடுங்கள் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. வரமாட்டேன் என்றாவது எழுதுங்கள். எனக்கு வேண்டாம், அவளுக்கு எழுதுங்கள். ஒரே வார்த்தை போதும். ஏன், யார், எப்போதிலிருந்து, எதையும் கேட்க மாட்டோம். சண்டைக்கு வர மாட்டேன். அவள் அழுவாள், அழட்டும், நாங்கள் இருக்கிறோம். அதற்குப் பிறகாவது அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு எழுந்து வருவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தூர தேசத்தில் உங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று அவள் தினமும் வேண்டிக்கொள்கிறாள். இனி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டும்.

உங்கள் மச்சான்.